அண்ணாச்சி கடைப் பேரேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பரணில், மளிகைக் கடை வைத்திருந்த தாத்தாவின் பேரேடுகள் நான்கு இருக்கின்றன. நீளவாக்கில் தைத்த, சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகங்கள். கூடவே ஒரு பித்தளைப் படி, ஒரு உழக்கு, இரும்பு எடைக்கற்கள் சில, முள் வளைந்த ஒரு தராசு. வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் இவற்றைக் காட்டும்போதெல்லாம் கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எந்த ஊர், எந்தக் காலம்?

விருதுநகருக்குப் பக்கத்தில், சுற்றிலும் கரிசல் காடாகக் கிடந்த ஒரு சிற்றூர். பேருந்து வந்து போகும், வாரம் ஒரு சந்தை கூடும், கடைத்தெரு என்று சொல்ல ஆறேழு கடைகள் இருக்கும். காலம் ஏறக்குறைய 1910 முதல் 1960 வரை. நான் நேரில் பார்த்தது அதன் கடைசி வாலை மட்டும்தான். மற்றவை தாத்தாவும் அப்பாவும் சொல்லக் கேட்டவை, பேரேட்டில் படித்தவை.

கப்பலில் சரக்கு அனுப்பிய பெரிய வியாபாரிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ரெண்டு மூட்டைப் பருப்பு, ஒரு மூட்டை வத்தல், ஒரு டின் மண்ணெண்ணெய் என்று வைத்துக்கொண்டு ஒரு ஊரையே பசியில்லாமல் பார்த்துக்கொண்ட சின்னக் கடைக்காரரைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. எனக்கு அவர்தான் முக்கியமாகப் படுகிறார்.

கடை எப்படி இருக்கும்?

வீட்டின் முன்பக்கமே கடை. மூன்று படி ஏறினால் திண்ணை, அதற்குப் பின்னால் சரக்கு. இழுத்து மூடும் ஷட்டர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பலகைகளை வரிசையாகச் சொருகி, கடைசிப் பலகையில் பூட்டுப் போடுவார்கள். எண் மாறினால் பலகை உட்காராது. பலகை எடுத்து வைக்கும் சத்தத்தை வைத்தே தெருவில் மணி சொல்வார்கள்.

உள்ளே வாய் சுருட்டிய சாக்குகள் வரிசையாக நிற்கும். துவரை, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, வத்தல். புளியும் கருப்பட்டியும் ஓலைப் பெட்டியில். எண்ணெய் மண் குடத்திலோ தகரத்திலோ. மண்ணெண்ணெய் மட்டும் தள்ளி ஒரு மூலையில், அதன் வாடை பருப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. மண்ணெண்ணெய் வந்த தகர டின்னை யாரும் எறிந்ததில்லை. அது தண்ணீர்க் குடமாகவும், அரிசி டப்பாவாகவும், கூரை ஓட்டைக்குத் தகடாகவும் ஊர் முழுக்கப் பிழைத்தது.

கல்லாப்பெட்டி ஒரு சாய்வு மேசை. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கடைக்காரருக்கு எல்லாம் கைக்கு எட்டும். தலைக்கு மேலே சணல் கண்டு தொங்கும், பொட்டலம் கட்ட. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, சாமானைப் போட்டு, மேலே மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுக்கும் வேகம் எனக்குக் கடைசி வரை கைவரவில்லை.

உப்பு மூட்டை வெளியேதான் கிடக்கும், இரவிலும். உப்பைத் திருடினால் குடும்பம் விளங்காது என்ற நம்பிக்கை அந்தத் தெருவில் எந்தப் பூட்டையும்விடப் பலமாக இருந்தது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியுமுன் பலகை எடுப்பார்கள். வாசலில் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி, தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தால் முதல் போணிக்குக் காத்திருப்பு. முதல் போணி ரொக்கமாக இருக்க வேண்டும். கடன் கேட்டு வருகிறவர்களுக்கும் அது தெரியும், அதனால் இன்னொருவர் வாங்கி முடிக்கும் வரை ஓரமாக நிற்பார்கள். "அண்ணாச்சி, போணி ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடன் பேச்சே எடுப்பார்கள்.

காலையில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். நடுப்பகலில் ஈ ஓட்டும் நேரம். அப்போதுதான் சிட்டையில் கிறுக்கியதைப் பேரேட்டில் ஏற்றுவார்கள். உண்மையான வியாபாரம் பொழுது சாய்ந்த பிறகு, கூலி கைக்கு வந்ததும். அன்றைய கூலி அன்றைய அடுப்புக்கு. அதனால் கால் படி, அரைக்கால் படி, காலணாவுக்கு எண்ணெய் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்பார்கள். ஒரு மாதச் சாமானை மொத்தமாக வாங்குகிற வீடு ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியது.

விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுக்க மாட்டார்கள், ஊசியும் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி வெளியே போகிற நேரம் என்று நம்பிக்கை. இருந்தாலும் பிள்ளைக்கு வயிற்று வலி என்று ஓமம் கேட்டு நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து கொடுப்பார் தாத்தா. அதற்கு விலக்கு உண்டு என்பார்.

வீசை, பலம், மணங்கு என்றால் எவ்வளவு?

பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். எடையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். இன்றைய கணக்கில் ஒரு பலம் சுமார் 35 கிராம், ஒரு வீசை சுமார் 1 கிலோ 400 கிராம், ஒரு மணங்கு 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

முகத்தலில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். தானியம், பயறு, எண்ணெய் எல்லாம் படியில் போகும். புளி, வத்தல், கருப்பட்டி எடையில் போகும். படியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், பெரிய படி, சின்னப் படி என்று. அதனால் வெளியூரில் சரக்கு எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் எந்தப் படி என்று கேட்கத் தெரிய வேண்டும். தெரியாதவருக்கு முதல் வருடமே கை சுட்டுவிடும்.

அளக்கும்போது முதல் படியை "ஒன்று" என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று பாட்டுப் போலப் போகும். விற்கிறவர் வாயில் அது ஒரு வேண்டுதல் மாதிரி.

கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. ஆக ரூபாய்க்கு 192 தம்படி. நடுவில் காலணா, அரையணா. காலணா என்பது மூன்று தம்படி. யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிந்த பிள்ளைகள் இன்று தாத்தாக்கள்.

இத்தனை சிக்கலுக்கும் விடை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடமான எண்சுவடி. முழு எண் வாய்ப்பாடு நமக்கும் தெரியும். அவர்கள் பின்ன வாய்ப்பாடும் படித்தார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி என்று போகும். மாகாணி என்பது பதினாறில் ஒன்று, அதை வீசம் என்றும் சொல்வார்கள். ரூபாயில் வீசம் ஓர் அணா என்று உடனே புரிந்துவிடும்.

ஒரு மணங்குக்கு எத்தனை பலம் என்று பெருக்கிப் பாருங்கள். எட்டு நாற்பது 320. ஆக மணங்கில் முந்திரிதான் பலம். மண்டியில், அதாவது மொத்த வியாபாரக் கடையில், மணங்கு 10 ரூபாய்க்கு எடுத்த சரக்கு வீசை ஒன்றேகால் ரூபாய், அதாவது 20 அணா. அப்படியானால் பலம் அரையணா. இது அடக்க விலை. பேரேட்டின் ஓரத்தில் இப்படி ஒரு கணக்கைப் பார்த்த அன்று எனக்குப் புல்லரித்தது. தாத்தா இதைப் போட விரலைக்கூட மடக்க மாட்டாராம். மேலே கூரையைப் பார்ப்பார், விலை வந்துவிடும்.

பேரேட்டில் இருக்கும் அந்தச் சுழிகள் என்ன?

பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே "லாபம்" என்ற சொல். அது எல்லோருக்கும் தெரியும். உள்ளே வரும் குறிகள்தான் குழப்பும். ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௹ ரூபாய், ௸ மேற்படி, ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். இவை அத்தனையும் இப்போது ஒருங்குறியில் சேர்ந்துவிட்டன, கைபேசியிலேயே தெரிகின்றன. எழுதத்தான் ஆளில்லை. எண்களும் தமிழ் எண்கள்தான். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲.

முறை எளிது. நடக்க நடக்க எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. வருட முடிவில் யார் எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், சரக்கு எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்று சேர்த்துப் பார்ப்பது ஐந்தொகை. எங்கள் கடையில் சித்திரை முதல் தேதி புதுக்கணக்கு. புத்தகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் வரியில் மஞ்சளும் உப்பும் வெல்லமும் எழுதித் தொடங்குவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தாவின் பேரேட்டில் ஆட்கள் பாதிப் பேர் பெயரால் இல்லை. கிணற்றடி வீட்டு மூத்தவள், மேலக்காட்டு மாமன், ரெட்டைமாட்டு வண்டிக்காரர் என்றே இருக்கிறது. வெளியாள் யாரும் அதை வைத்து ஒரு பைசா வசூல் செய்ய முடியாது. அந்தப் புத்தகம் அவருக்கும் அந்த ஊருக்கும் மட்டும் விளங்கும் மொழியில் எழுதப்பட்டது.

கடன் எப்படிக் கொடுத்தார்கள்? திரும்பி வந்ததா?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடையின் உயிரே இங்கேதான் இருந்தது.

கரிசல் மழையை நம்பிய பூமி. ஐப்பசி மழையில் பருத்தியும் சோளமும் விதைப்பார்கள். பருத்தி வெடித்துக் கைக்குக் காசு வர மாசி, பங்குனி ஆகிவிடும். நடுவில் இருக்கும் மாதங்களில் விவசாயி வீட்டில் பணம் இருக்காது, வயிறு மட்டும் இருக்கும். அந்த மாதங்களைத் தாண்ட வைத்தது கடைப் பற்று. வீட்டிலிருந்து பிள்ளை வந்து "அம்மா கால் படி பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க, கணக்குல எழுதிக்கிடச் சொன்னாங்க" என்றால் எழுதிக்கொண்டு கொடுப்பார். கையெழுத்து கிடையாது, அடமானம் கிடையாது. பருத்தி விற்ற அன்று சம்சாரி, அதாவது விவசாயி, நேரே கடைக்கு வந்து திண்ணையில் உட்காருவார். கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, துண்டு முடிச்சை அவிழ்த்து எண்ணி வைப்பார்.

பெரிய தொகை என்றால் புரோநோட்டு, அதாவது கடனுக்கு எழுதித் தரும் உறுதிச் சீட்டு. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் அது "ஒரு வட்டி", நியாயமான வட்டி என்று பெயர். நோட்டு எழுதி மூன்று வருடத்துக்குள் கொஞ்சமாவது வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி.

சாமான் பற்றுக்குத் தனியாக வட்டி போடாவிட்டாலும் விலையில் கொஞ்சம் ஏற்றித்தான் எழுதினார்கள். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் மண்டியில் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஊர் ஆறு மாதம் கழித்துக் கொடுக்கும், மண்டிக்காரர் ஒரு மாதத்தில் கேட்பார். அந்த ஐந்து மாத இடைவெளியைத் தாங்குவதுதான் சின்ன வியாபாரியின் முழுத் திறமையும். மழை பொய்த்தால் இடைவெளி ஒன்றரை வருடமாகும். அப்போது பாட்டியின் நகை அடகுக்குப் போகும்.

1930 வாக்கில் உலகம் முழுக்க வந்த மந்தத்தில் பருத்தி விலையும் தானிய விலையும் தரைக்கு வந்தன. விளைந்தும் கடன் தீரவில்லை. 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகளின் கடனைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தது. நொடித்துப்போயிருந்த சம்சாரிகளுக்கு அது தேவையான சட்டம்தான். கொடுத்தவர்கள் பக்கத்தில் கையை இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. தாத்தா நோட்டு எழுதிக் கொடுப்பதை நிறுத்தினார், கடைப் பற்றை நிறுத்தவில்லை. "பணம் வேற, பருப்பு வேற" என்பாராம்.

வராத கடனுக்கு என்ன செய்வார்கள்?

கேட்பார்கள். அப்புறம் ஆள் விட்டுக் கேட்பார்கள். அதற்கும் மேல் போனால் நீதிமன்றம். ஆனால் பத்து ரூபாய்க்கு வக்கீல் வைத்தால் இருபது ரூபாய் போகும். ஊரில் கடன்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு வேறு எந்தக் கடையிலும் கடன் கிடைக்காது. அதுதான் உண்மையான காவல். நாணயம் என்று காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, கடைத்தெருவில் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் புழங்கின.

சரக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் விருதுநகரிலிருந்து. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் மண்டிகளுக்கு அந்த ஊர் பேர் போனது. இன்றைக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகையில் வருகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்தது 1876இல். அன்று விருதுபட்டி என்ற பெயரில் இருந்த ஊர் அந்தப் பாதையில் அமைந்தது அதன் தலையெழுத்தையே மாற்றியது. உப்பும் கருவாடும் தூத்துக்குடியிலிருந்து, கருப்பட்டி உடன்குடிப் பக்கத்திலிருந்து.

ரயிலடியிலிருந்து ஊருக்கு மாட்டு வண்டிதான். வெயிலுக்குப் பயந்து இரவில் கிளம்புவார்கள். ஐந்தாறு வண்டி சேர்ந்து போகும், அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். வண்டிக்காரர் மூட்டை மேல் தூங்கிவிடுவார், மாட்டுக்கு வழி தெரியும். விடியும்போது வண்டி கடை வாசலில் நிற்கும்.

மண்டியில் சரக்கு பார்ப்பது ஒரு தனி வித்தை. குத்தூசியை மூட்டையின் அடியில் குத்தி எடுத்து உள்ளங்கையில் பரப்புவார்கள். மேலே நல்ல பருப்பும் அடியில் சொத்தையும் இருந்தால் தெரிந்துவிடும். மல்லியைக் கசக்கி மோந்து பார்ப்பார்கள். வத்தலை உடைத்தால் "டப்" என்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம்.

மகமை என்றால் என்ன?

வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. வாங்கி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுப் பணத்துக்கு எடுத்து வைப்பது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் உறவின்முறை என்ற ஊர் அமைப்பை வைத்து இதை நடத்தினார்கள்.

இது எதற்காகத் தொடங்கியது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். பொதி மாட்டிலும் வண்டியிலும் சரக்கு ஏற்றித் தெற்கிலிருந்து வந்த அவர்களுக்கு வழியில் பாதுகாப்பில்லை. இரவில் சரக்கையும் மாட்டையும் வைக்கச் சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். செலவுக்கு மகமை. காசு சேர்ந்த பிறகும் கோயில் வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை. 1897இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்து, 1908இல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். 1899இல் சிவகாசி தாக்கப்பட்டு எரிந்தது.

அந்த மகமைப் பணம் பிறகு கிணறாகவும், சத்திரமாகவும், பள்ளிக்கூடமாகவும் ஆனது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1885இல் தொடங்கியது. வீட்டுப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே பெயர். தேங்காய் வியாபாரியான குமாரசாமியின் மகன் அங்கேதான் படித்தார். தகப்பனார் சீக்கிரம் இறந்துபோக, படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் நின்றார். பின்னாளில் முதலமைச்சரான காமராஜர்தான் அவர். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து, மதியச் சோறு போட்டவர். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதே வழியில்தான் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது.

துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது உண்மையா?

உண்மை. மாட்டுச் சந்தையில் இன்றும் பார்க்கலாம். விற்பவரின் கையும் தரகர் கையும் ஒரே துண்டுக்குள் இருக்கும். எந்த விரலை, எத்தனை விரலை, எப்படி அழுத்துகிறார் என்பதில் விலை இருக்கிறது. சுற்றி நிற்பவருக்குத் தலையாட்டல் மட்டும்தான் தெரியும்.

மளிகையில் அவ்வளவு ரகசியம் இல்லை. துணிக்கடையில் உண்டு. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, அடக்க விலையைத் துணியின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். கடைப் பையனுக்கு எவ்வளவு வரை இறங்கலாம் என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது.

அளவில் ஏமாற்றினார்களா?

செய்தவர்கள் இருந்தார்கள். வாங்கும்போது குவித்து அளப்பது, விற்கும்போது தலை தட்டி அளப்பது என்பது எல்லோரும் அறிந்த தந்திரம். படியைச் சாய்த்துப் பிடிப்பது, தட்டு நிற்குமுன் தூக்கிவிடுவது என்று இன்னும் உண்டு. கல்லும் மண்ணும் கலந்தவர்களும் உண்டு. ஊர்க் கடைக்காரரைத் தெய்வமாக்க நான் வரவில்லை.

ஆனால் அதே ஊரில், அதே முகங்களுக்கு, நாற்பது வருடம் விற்க வேண்டும் என்றால் மனிதர் எவ்வளவு ஏமாற்ற முடியும்? வீட்டுக்குப் போய் உழக்கில் திரும்ப அளந்து பார்க்கிற பாட்டிகள் இருந்தார்கள். கொசுறு என்று ஒன்றும் இருந்தது. அளந்து முடித்த பிறகு ஒரு கை பருப்பு, ஒரு துண்டு கருப்பட்டி, பிள்ளை கூட வந்திருந்தால் கொஞ்சம் பொரிகடலை. அது இல்லாமல் எடுத்துக்கொண்டு போகிற வழக்கமே கிடையாது.

எல்லோரும் ஒரே மாதிரி நடத்தப்பட்டார்களா?

இல்லை. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் திண்ணை ஏற முடியாது. தெருவில் நின்று கேட்க வேண்டும். காசை வாசற்படியில் வைக்க வேண்டும், சாமானை எட்டி நின்று வாங்க வேண்டும். கோயில் வாசலில் தாங்கள் நிறுத்தப்பட்ட வலி தெரிந்தவர்களின் கடையிலும் இது நடந்தது. எங்கள் கடையிலும் நடந்திருக்கிறது. தாத்தாவின் நல்ல குணங்களை எழுதும் கையால் இதையும் எழுதாமல் விட முடியாது.

கடையில் பெண்களுக்கு என்ன வேலை?

பேரேட்டில் அவர்கள் பெயர் இல்லை. வேலையில் பாதி அவர்களுடையது. பருப்பைப் புடைத்து, கல் பொறுக்கி, புளியைக் கொட்டை நீக்கி, வத்தலைக் காயவைத்துக் காம்பு கிள்ளி வைத்தது பாட்டியும் அத்தைகளும். தாத்தா சரக்கெடுக்கப் போன நாளில் கல்லாவில் பாட்டிதான். எழுத்துத் தெரியாது, அதனால் கடன் வாங்கியவர்களைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். எந்தக் கோடு யாருடையது என்று ஒருமுறைகூட மாறியதில்லையாம்.

வாங்க வருகிறவர்களிலும் பெண்களே அதிகம். கையில் காசு இல்லாதபோது தானியம் கொண்டுவருவார்கள். பருத்தி எடுக்கும் காலத்தில் பிள்ளைகள் மடியில் பருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து மிட்டாய் வாங்கும். மருமகள்கள் மாமியாருக்குத் தெரியாமல் கொஞ்சம் பருத்தியைப் போட்டு ரிப்பனோ பவுடரோ வாங்கிப் போவார்கள். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறாது. பாட்டி காப்பாற்றிய ரகசியங்கள் அவை.

கடைப் பையன்கள் யார்?

சொந்தக்காரப் பிள்ளைகள், சொந்த ஊர்ப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு வயதில் கொண்டுவந்து விடுவார்கள். சாப்பாடு, துணி, படுக்கக் கடைத் திண்ணை. சம்பளம் வருடக் கடைசியில் தகப்பனிடம் போகும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது அது. அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. தொழில் கற்றுக்கொண்ட பையனுக்குப் பத்து வருடம் கழித்து முதலாளியே கடனில் சரக்குக் கொடுத்து வேறு ஊரில் கடை வைத்துக் கொடுப்பதும் நடந்தது. சென்னையில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை முளைத்தது பெரும்பாலும் இந்தச் சங்கிலியில்தான்.

யுத்த காலம் எப்படி இருந்தது?

1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அடுத்து ரேஷன், கட்டுப்பாட்டு விலை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பதுக்கிப் பணக்காரர் ஆனவர்கள் அந்தக் காலத்தில்தான் கிளம்பினார்கள். கொடுக்கச் சரக்கில்லாமல் கடனாளியானவர்களும் உண்டு. தாத்தா இரண்டாம் வகை. அந்த வருடங்களில் பேரேட்டின் பக்கங்கள் மெலிந்துபோயிருக்கின்றன. அரிசி என்ற சொல் மாதக்கணக்கில் வரவில்லை. கேழ்வரகும் மரவள்ளிக் கிழங்கும் வருகின்றன. உணவுக் கட்டுப்பாட்டை 1952இல் ராஜாஜி நீக்கினார்.

பர்மா அரிசி நிற்பதற்குச் சற்று முன்னால், 1939இல், சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்திருந்தது. அதுவரை தனக்காகக் கணக்கு எழுதியவர்கள் இனி அதிகாரிக்காகவும் எழுத வேண்டி வந்தது.

படியும் வீசையும் எப்போது போயின?

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா என்று பெரிய காசுகள் பொருந்திவிட்டன. ஓர் அணாதான் தகராறு, அது ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவுக்காக எத்தனை சண்டை நடந்தது என்று அப்பா சொல்வார். அடுத்த வருடமே கிலோ வரத் தொடங்கியது. 1962க்குள் பழைய எடைக்கற்கள் செல்லாமல் போயின.

எண்சுவடி மனப்பாடமாக இருந்த தாத்தாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் புதுக்கணக்கு. கிலோவில் விலை சொல்லுவார், பலத்தில் யோசிப்பார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக் காட்டினால், "சரிதான், ஆனா இது சப்புனு இருக்குடா" என்பாராம்.

தீராத கடன்கள் என்ன ஆயின?

கடைசிப் பேரேட்டில் முப்பதுக்கு மேல் ஆட்கள் பாக்கி இருக்கிறார்கள். வராக் கடனை ஊரில் காந்தி கணக்கு என்பார்கள். அப்பா அப்படித்தான் விட்டுவிட்டார். ஒரே ஒரு முறை, தாத்தா இறந்து பல வருடம் கழித்து, வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்ன வயதில் அவர் அம்மா வாங்கி வரச் சொன்ன பருப்பும் எண்ணெயும் கணக்கில் நிற்கிறது என்றார். அப்பா பரணில் ஏறிப் புத்தகத்தை எடுத்தார். கிணற்றடி வீட்டு மூத்தவள், ஏழு ரூபாய் மூன்றணா. அந்த அம்மா பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டு, மீதியை எண்ணிக் கொடுத்து, அந்தப் பக்கத்தில் ௷ குறி போட்டு எழுதினார். கொசுறாக ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தனுப்பினார்.